எட்டு வாரத்தில் ஒரு வைரஸ்: இளநிலை மாணவர்களும் கோடைக்கால ஆய்வும்

வைரசியலில் கோடைக்கால ஆய்வு என்பது, இளநிலைப் பட்டம் படிக்கும் ஒரு மாணவர் தம் விடுமுறையின் எட்டு முதல் பத்து வாரங்களை ஓர் ஆய்வுக்கூடத்தில் கழித்து, வைரஸ் தொடர்பான சிறு கேள்வி ஒன்றுக்கு விடை தேடும் ஏற்பாடு. கல்லூரிச் செய்முறை வகுப்பில் வர வேண்டிய முடிவு ஆசிரியருக்கு முன்பே தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வேரூன்றியிருக்கிறது. இந்தியாவில் பொதுவான அறிவியல் கோடைத் திட்டங்கள் பல உண்டு. வைரசியலுக்கென்று தனித் திட்டம் அரிது. ஆகவே மாணவர் பொதுவான வாசல் வழியே நுழைந்து, உள்ளே வைரஸ் ஆய்வு நடக்கும் அறையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்துறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மாணவர்களை வைரசியலின் பக்கம் ஈர்ப்பவை செய்தித்தாளில் அடிபடும் நிபா, எச்.ஐ.வி., கொரோனா போன்ற பெயர்கள். அவற்றின் உயிருள்ள வைரஸை ஓர் இளநிலை மாணவரின் கையில் எந்தப் பொறுப்புள்ள நிறுவனமும் கொடுக்காது. எனவே ஒரு கோடைத் திட்டம் நன்றாக அமைவதும் வீணாவதும் எந்த வைரஸ், எவ்வளவு சிறிய கேள்வி என்ற இரண்டையும் பொறுத்தே இருக்கிறது. நிறுவனத்தின் புகழ் அதற்கு அடுத்துத்தான்.

கோடையும் ஃபேஜும்

கோடைக்கும் வைரஸ் ஆய்வுக்குமான உறவு நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் தொடங்குகிறது. 1945-ஆம் ஆண்டுக் கோடையில் மாக்ஸ் டெல்புரூக் அங்கே ஃபேஜ் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். இயற்பியல், வேதியியல் படித்தவர்கள்கூட சில வாரங்களில் இந்த வைரஸைக் கொண்டு சோதனை செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினர். மூலக்கூறு உயிரியலின் முதல் தலைமுறையில் பெரும்பகுதி அந்த வகுப்பின் வழியாக வந்ததுதான். டெல்புரூக், சால்வடார் லூரியா, ஆல்ஃபிரட் ஹெர்ஷி மூவரும் 1969-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வைரஸின் மரபுச் செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ. என்று காட்டிய 1952-ஆம் ஆண்டுச் சோதனையில் ஹெர்ஷியோடு கைகோத்த மார்த்தா சேஸ், அப்போது இளநிலைப் பட்டம் மட்டுமே பெற்றிருந்த ஆய்வக உதவியாளர். ஃபேஜ் ஆய்வில் இளையவர்களுக்கு இடம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இளநிலை மாணவர்களுக்கான தனித் திட்டத்தை அதே ஆய்வகம் 1959-இல் தொடங்கியது. பத்து வாரம் நடக்கும் அத்திட்டத்தின் முதல் அணியில் இருந்தவர்களுள் ஒருவர் டேவிட் பால்டிமோர். அவருக்கு அது முதல் கோடையும் அல்ல. பள்ளி மாணவராக இருந்தபோதே மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு கோடையைக் கழித்திருந்தார். அங்கே தம்மைவிடச் சில ஆண்டுகள் மூத்தவரான ஹோவர்டு டெமினைச் சந்தித்தார். 1970-இல் இவ்விருவரும் தனித்தனியே, ஒருவர் எம்.ஐ.டி.யிலும் மற்றவர் விஸ்கான்சினிலுமாக, ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைச் சில வைரஸ்களில் கண்டுபிடித்தனர். 1975-இல் ரெனாட்டோ டுல்பெக்கோவோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றனர். பின்னாளில் எச்.ஐ.வி.யைப் புரிந்துகொள்ளவும் அதற்கு மருந்து செய்யவும் அடித்தளமாக அமைந்தது அந்த நொதிதான். கோடைத் திட்டங்களை ஆதரிப்போர் இக்கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அது விதிவிலக்கு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பள்ளி வயதிலேயே அத்தகைய ஆய்வகத்துக்குள் போக முடிந்தவருக்கு வேறு பல வாய்ப்புகளும் வாய்த்திருந்தன.

அரசுப் பணம் வந்தது ஸ்புட்னிக்குக்குப் பிறகு. 1957-இல் சோவியத் ஒன்றியம் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா அறிவியல் கல்வியில் பணத்தைக் கொட்டியது. தேசிய அறிவியல் நிதியமான என்.எஸ்.எஃப். இளநிலை மாணவர்களின் ஆய்வுக்கும் நிதி ஒதுக்கியது. 1980-களின் தொடக்கத்தில் அது வெட்டப்பட்டது. 1987-இல் ஆர்.இ.யு. என்ற பெயரில் திரும்பி வந்தது. இதன்படி ஒரு பல்கலைக்கழகம் ஒரு பொருளைச் சுற்றி ‘தளம்’ ஒன்றை அமைக்கும்; ஆண்டுதோறும் பத்து மாணவர்கள் அளவில், பெரும்பாலும் வெளிக் கல்லூரிகளிலிருந்து, வந்து தங்கி ஆய்வு செய்வார்கள்; உதவித்தொகையும் தங்குமிடமும் கிடைக்கும். ஆராய்ச்சி வசதி இல்லாத சிறு கல்லூரி மாணவர்களுக்கு முன்னுரிமை தருவது இதன் நோக்கங்களுள் ஒன்று.

வைரசியலுக்கென்றே அப்படித் தளம் நடத்திய இடம் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லிங்கன் வளாகம். சோளமும் மாடுகளும் நிறைந்த அந்த மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு வைரசியல் மையம் ஒன்று அமைந்தது. எச்.ஐ.வி., ஹெர்பெஸ், கால்நடை வைரஸ்கள், பயிர் வைரஸ்கள் எனப் பல ஆய்வுகள் அங்கே நடந்தாலும், இளநிலை மாணவருக்கு ஏற்ற வைரஸ் எது என்று கேட்டால் அங்கே பல பத்தாண்டுகளாக ஜேம்ஸ் வான் எட்டன் ஆராய்ந்த குளோரோவைரஸைத்தான் சொல்ல வேண்டும். குளத்து நீரில் வாழும் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியின் உடலுக்குள் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி குடியிருக்கும். அந்தப் பாசியைத் தாக்குவது இந்த வைரஸ். ஏறத்தாழ 3,30,000 எழுத்துக்கள் கொண்ட மரபணுத்தொகுதி உடைய பூத வைரஸ். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. எந்தக் குளத்துத் தண்ணீரிலும் தேடலாம். பாசி பரப்பிய தட்டில் வைரஸ் விழுந்த இடமெல்லாம் பச்சை வெளுத்து வட்டமாகும், கண்ணாலேயே எண்ணலாம். ஹால்டீரியா என்ற நுண்ணுயிர் இந்த வைரஸை உண்டே பெருகுகிறது என்று அதே பல்கலைக்கழகத்தின் ஜான் டிலாங் குழு 2022-இல் காட்டியபோது, வைரஸ் யாருக்கேனும் உணவாகுமா என்ற மிக எளிய கேள்விக்கு அதுவரை சரியான சோதனை செய்யப்படாமல் இருந்தது தெரியவந்தது. குளத்து நீர், தட்டு, நுண்ணோக்கி, பொறுமை இவையே அதற்குத் தேவைப்பட்டவற்றுள் பெரும்பகுதி.

கையில் எடுக்கக் கூடியவை, கூடாதவை

ஆய்வுக்கூடங்கள் உயிரிப் பாதுகாப்பின்படி நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நோய் உண்டாக்காத ஆய்வக ஈ.கோலையும் அதைத் தாக்கும் டி4 ஃபேஜும் முதல் நிலையில் அடங்கும். டெங்கு, ஹெர்பெஸ், பருவகால இன்ஃபுளூயன்சா போன்றவை இரண்டாம் நிலை. உயிருள்ள கோவிட் வைரஸை வளர்க்க மூன்றாம் நிலை வேண்டும். நிபாவுக்கும் எபோலாவுக்கும் நான்காம் நிலை. இந்தியாவில் நான்காம் நிலை ஆய்வுக்கூடம் என்றதும் நினைவுக்கு வருவது புனேயில் உள்ள தேசிய வைரசியல் நிறுவனம். மூன்று, நான்காம் நிலைக் கூடங்களில் நுழையவே பல வாரப் பயிற்சியும் மேற்பார்வையும் கட்டாயம். பயிற்சி முடியும்போது விடுமுறையும் முடிந்துவிடும். மாணவர்களை அங்கே சேர்க்காததற்கு ஆபத்து மட்டுமல்ல, இந்தக் கணக்கும் காரணம்.

இதனால் கொடிய வைரஸ்களைப் பற்றி ஆராயவே முடியாது என்றாகாது. போலி வைரஸ் என்ற உத்தி இருக்கிறது. கோவிட் வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைப் புரதத்தை மட்டும் வேறொரு தீங்கற்ற வைரஸ் கூட்டின்மீது பொருத்துவார்கள். அந்தத் துகள் செல்லுக்குள் ஒருமுறை நுழையும். உள்ளே போய்ப் பெருகாது. நுழைந்ததற்கு அடையாளமாக, மின்மினியின் ஒளி தரும் நொதியைச் செல் உற்பத்தி செய்யும். ஒளியை அளந்தால் எத்தனை துகள் நுழைந்தன, எதிர்ப்புரதம் எத்தனையைத் தடுத்தது என்று சொல்லிவிடலாம். இதற்கு இரண்டாம் நிலைக் கூடம் போதும். வைரஸின் ஒற்றைப் புரதத்தைப் பாக்டீரியாவில் உருவாக்கித் தூய்மைப்படுத்துவது இன்னும் எளிது. அங்கே வைரஸே இல்லை.

ஃபேஜ் இன்றும் மாணவர்களின் வைரஸாகவே இருக்கிறது. ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் முன்னின்று, 2008-இல் தொடங்கிய சீ-ஃபேஜஸ் திட்டத்தில் முதலாண்டு மாணவர்களே தோட்டத்து மண்ணை அள்ளி வந்து, காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினரான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸைத் தாக்கும் ஃபேஜ்களைப் பிரித்தெடுக்கிறார்கள். கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் வைக்கலாம். இது பருவ வகுப்பாக நடப்பது, கோடைத் திட்டம் அல்ல. ஆனால் கோடையில் செய்யத்தக்க வேலைக்கு இதுவே நல்ல அளவுகோல். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2010-இல் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பகுதியிலிருந்து பிரித்தெடுத்த ஃபேஜுக்கு ‘மடி’ என்று பெயர். சேறு படிந்தது என்ற பொருளில் வைத்தது. எட்டாண்டுக்குப் பின் லண்டனில், நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத மைக்கோபாக்டீரியத் தொற்றால் அவதிப்பட்ட 15 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட மூன்று ஃபேஜ்களின் கலவையில் மடியும் ஒன்று. அவர் உடல்நிலை தேறியதை 2019-இல் நேச்சர் மெடிசின் இதழ் வெளியிட்டது. கத்தரிக்காயைச் சுரண்டிய நாளில் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பயிர் வைரஸ்களே நெருங்கிய பொருள். உளுந்து, பாசிப்பயறு வயல்களில் இலை மஞ்சளாகிக் காய் பிடிக்காமல் போகும் மஞ்சள் தேமல் நோய் விவசாயிகள் அனைவரும் அறிந்தது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அதற்குக் காரணம். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த வட்டாரத்து உளுந்திலிருந்து எடுக்கப்பட்ட வைரஸின் மரபணுவை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சேலம் பக்கத்து மரவள்ளியில் வரும் தேமலுக்குப் பெரும்பாலும் காரணம் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். கீழ்ப் பழனி மலையின் விருப்பாச்சி வாழையை ஏறக்குறைய அழித்தே விட்ட முடிக்கொத்து நோய் அசுவினி வழியே பரவுவது. வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் வந்த பிறகே அந்த வாழை மீண்டது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தகைய ஆய்வுக்குப் பெயர்பெற்றது. இந்த வைரஸ்கள் எதுவும் மனிதரைத் தொடுவதில்லை. மாதிரிக்கு வயலுக்குப் போனால் போதும். ஆனாலும் கோடைப் பயிற்சி தேடும் உயிர்தொழில்நுட்ப மாணவர்கள் இவற்றை அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை. மருத்துவ வைரஸுக்கு இருக்கும் மினுமினுப்பு உளுந்துக்கு இல்லை போலும்.

கூடமே தேவைப்படாத வழியும் உண்டு. உலகெங்கும் ஆய்வாளர்கள் வரிசைப்படுத்திய மரபணுத் தரவுகள் பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. செரேட்டஸ் என்ற திட்டம் அப்படிப்பட்ட 57 லட்சம் தரவுத் தொகுப்புகளைக் கணினியால் அலசி, அதுவரை அறியப்படாத 1,30,000-க்கும் மேற்பட்ட ஆர்.என்.ஏ. வைரஸ்களை இனங்கண்டதாக 2022-இல் நேச்சர் இதழில் அறிவித்தது. அவற்றுள் ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறவுமுறை வரைவது ஒரு கோடைக்கு ஏற்ற வேலை. மடிக்கணினியும் இணையமும் போதும். இதில் கைத்திறன் வளராது என்பது குறைதான்; ஆனால் வைரசியலில் இன்று பாதி வேலை திரையில்தான் நடக்கிறது.

வாரங்கள் போகும் விதம்

வைரஸ் ஆய்வின் அடிப்படைச் செயல், எத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ணுவது. மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, பாக்டீரியாவோடு கலந்து, மெல்லிய அகார் அடுக்காகத் தட்டில் ஊற்றுவார்கள். பாக்டீரியா வளர்ந்து தட்டு மங்கலாகும். வைரஸ் விழுந்த இடங்களில் மட்டும் பாக்டீரியா அழிந்து, பிளாக் எனப்படும் தெளிந்த வட்டம் தெரியும். பத்து லட்சம் மடங்கு நீர்த்த கலவையில் 0.1 மில்லிலிட்டரை ஊற்றி 50 வட்டங்கள் வந்தால், மூல மாதிரியின் ஒரு மில்லிலிட்டரில் 50 கோடித் தொற்றும் துகள்கள் இருந்தன என்று பொருள். விலங்கு வைரஸ்களுக்கு இதே முறையைச் செல் அடுக்கின்மீது செய்து காட்டியவர் 1952-இல் டுல்பெக்கோ. சுழியம் ஒன்று தவறினால் பத்து மடங்கு பிழை; முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் அந்தப் பிழையைச் செய்கிறார்கள். அதற்காகவே மூன்று தட்டுகள் ஊற்றச் சொல்லுவது.

இங்கேதான் வைரஸைத் தேர்வதன் முக்கியத்துவம் விளங்குகிறது. டி4 ஃபேஜ் ஒரு பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி அதை உடைத்து வெளிவர அரை மணி நேரம்கூட ஆகாது. மாலையில் ஊற்றிய தட்டில் காலையில் விடை இருக்கும். தவறு செய்தால் ஒரு நாள் நட்டம். டெங்கு வைரஸின் பிளாக்குகள் தெரிய ஏறத்தாழ ஒரு வாரமாகும். அதற்கு முன் வீரோ போன்ற செல்களை மாசுபடாமல் வளர்க்கக் கற்க வேண்டும். ஆக, எட்டு வாரத்தில் ஃபேஜ் மாணவருக்கு முப்பது நாற்பது வாய்ப்பு, டெங்கு மாணவருக்கு ஐந்தோ ஆறோ. பயிர் வைரஸில் செடிக்குத் தொற்றேற்றி அறிகுறி தெரியவே இரண்டு மூன்று வாரம் போகும். விதையை மாணவர் வருமுன்பே நெறியாளர் விதைத்து வைத்திருக்க வேண்டும். அப்படி விதைத்து வைத்திருக்கிறாரா என்பதிலேயே அந்த ஆய்வுக்கூடம் மாணவருக்காக எவ்வளவு யோசித்தது என்று தெரிந்துவிடும்.

நெறியாளர் என்று தாளில் பெயர் இருப்பவர் பேராசிரியர். அன்றாடம் கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர். அவருக்கும் தம் வேலை இருக்கிறது. மாணவருக்கு என்று பிரித்துக் கொடுக்கப்பட்ட கேள்வி இல்லாத கூடங்களில், வந்தவர் குழாய் கழுவுவதும் ஊடகம் காய்ச்சுவதும் வேடிக்கை பார்ப்பதுமாகவே திரும்புவார். கழுவுவதும் கற்க வேண்டியதே. ஆனால் அதற்கு இரண்டு மாதம் வேண்டாம்.

இந்திய வழிகள்

இந்தியாவில் வைரசியல் ஒரு தனிப் படிப்பாக முதுநிலையில்தான் தொடங்குகிறது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வைரசியலுக்குத் தனித் துறையே உண்டு. புனே நிறுவனமும் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. இளநிலை நுண்ணுயிரியலிலோ அது ஒரு தாள் மட்டும். ஆகவே கோடைப் பயிற்சிதான் பலருக்கு வைரஸை நேரில் சந்திக்கும் முதல் தருணம்.

பெரிய வாசல், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமியும் தில்லி, பிரயாக்ராஜ் அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கைத் திட்டம். இரண்டு மாதம், மாணவர்களோடு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். உயிர் அறிவியல் என்ற பெரிய தலைப்பின்கீழ்தான் வைரசியல் அடங்கும். விண்ணப்பத்தில் என்ன செய்ய விரும்புகிறோம் என்று எழுதும் பகுதியில், எந்த வைரஸ், எந்தக் கேள்வி, அதை ஆராயும் கூடம் எது என்று குறிப்பிட்டு எழுதியவருக்கும், ‘நுண்ணுயிர்கள் மீது சிறுவயது முதல் ஆர்வம்’ என்று எழுதியவருக்கும் வேறுபாடு உடனே தெரியும். பெங்களூர் ஜவகர்லால் நேரு உயர் ஆய்வு மையம் தனியே இரண்டு மாத நல்கை தருகிறது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் எச்.ஐ.வி. சி வகை குறித்த ஆய்வு அங்கே நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது. இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை பெற்ற மாணவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 ரூபாய் கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த உதவித்தொகையை வாங்கியும் இந்தப் பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டவர்கள் உண்டு.

மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் குறுகியகால ஆய்வு மாணவர் திட்டம் இருக்கிறது. இதன் அமைப்பே வேறு. மாணவர் எங்கும் போவதில்லை. தம் கல்லூரியிலேயே ஓர் ஆசிரியரோடு சேர்ந்து ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பி, ஏற்கப்பட்டால் இரண்டு மாதத்தில் முடித்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே பணமும் சான்றிதழும். மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல் நோயாளிகளில் டெங்குவின் பங்கு, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்ட மாணவர்களிடம் எதிர்ப்புரதம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது போன்றவை இதற்குப் பொருத்தமான கேள்விகள். ரத்த மாதிரி எடுப்பதாயின் அறநெறிக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் குழு எப்போது கூடும் என்பதே பல திட்டங்களின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இடங்கள் என்று பார்த்தால், 1952-இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 1978-இல் தேசிய வைரசியல் நிறுவனமான புனே மையம் முதலில் வரும். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும், தோன்னக்கல்லில் கேரள அரசின் உயர்நிலை வைரசியல் நிறுவனமும் உள்ளன. ஹைதராபாதின் சி.சி.எம்.பி., ஃபரிதாபாதின் டி.எச்.எஸ்.டி.ஐ. போன்றவற்றிலும் வைரஸ் ஆய்வுக் குழுக்கள் உண்டு. தமிழ்நாட்டுக்குள் 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையமும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நோயறியும் வைரசியலில் நெடிய மரபு உடையவை. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு மையம் கொசு வழியே வைரஸை அணுகுவது. டெங்குவை எளிதில் ஏற்காத, வோல்பாக்கியா பாக்டீரியா ஏந்திய ஏடிஸ் கொசுக்களை அது உருவாக்கியிருக்கிறது.

மாணவர் ஒருவரின் சிறு ஆய்வு நாட்டையே திருப்பிப் போட்டதற்கு வேலூரும் சென்னையும் சேர்ந்த ஒரு நிகழ்வு உண்டு. 1980-களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு எய்ட்ஸ் கண்காணிப்பை ஆய்வேட்டுத் தலைப்பாகக் கொடுத்தார். அந்த நோய் இந்தியாவில் இல்லை என்பதே அப்போது பரவலான நம்பிக்கை. நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பிரித்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1986-இல் வேலூரில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. இந்தியாவில் அவ்வைரஸ் இருப்பது அப்படித்தான் உறுதியாயிற்று. அவர் இளநிலை மாணவர் அல்லர், அது கோடைத் திட்டமும் அல்ல. இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி வீட்டில் சீரம் வைக்கவும் முடியாது. ஆனால் கேள்வியின் அளவைப் பாருங்கள்: இருக்கிறதா, இல்லையா. ஒரு மாணவர் சில மாதங்களில் விடை காணக்கூடிய கேள்வி அது.

கடல் கடந்து

அமெரிக்காவின் ஆர்.இ.யு. தளங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளோருக்கும் மட்டுமே. இந்திய மாணவர்கள் ஆண்டுதோறும் இதைக் கவனிக்காமல் விண்ணப்பம் எழுதி நேரத்தை இழக்கிறார்கள். அவர்களுக்கான வழி, ஹர் கோவிந்த் குரானா பெயரில் இந்திய உயிர்தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு அமைந்த திட்டம். ஜெர்மனிக்கு டாட் அமைப்பின் வைஸ் நல்கை, கனடாவுக்கு மைட்டாக்ஸ் குளோபாலிங்க் பன்னிரண்டு வாரம், எந்த நாட்டவரையும் ஏற்கும் வியன்னா பயோசென்டர் கோடைப்பள்ளி ஆகியவை மற்றவை. பிரிட்டனில் நுண்ணுயிரியல் சங்கம் தரும் ஹாரி ஸ்மித் விடுமுறை நல்கை அங்கேயும் அயர்லாந்திலும் படிப்போருக்கானது. இவை பெரும்பாலும் முந்தைய ஆண்டின் செப்டம்பர் முதல் ஜனவரிக்குள் மூடிவிடும். ஏப்ரலில் தேடத் தொடங்குபவருக்குக் கிடைப்பது, தாமே மின்னஞ்சல் எழுதிப் பிடிக்கும் உள்ளூர் இடம்தான்.

அமெரிக்க வாசலே சுருங்கிக்கொண்டும் இருக்கிறது. 2025-இல் அந்நாட்டுத் தேசிய உடல்நல நிறுவனங்கள் தங்கள் கோடைப் பயிற்சித் திட்டத்தை அந்த ஆண்டுக்கு ரத்து செய்தன. நிதி நிச்சயமின்மையால் சில ஆர்.இ.யு. தளங்களும் மாணவர்களை எடுக்கவில்லை. 1980-களில் நடந்த வெட்டை நினைத்துப் பார்த்தால், அரசுப் பணத்தை நம்பிய திட்டங்கள் இப்படி நின்று நின்றே நடக்கின்றன என்பது தெரியும்.

நாட்காட்டியும் பணமும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கே உரிய தடை ஒன்று நாட்காட்டி. பருவத் தேர்வு ஏப்ரலிலோ மேயிலோ முடிந்து, ஜூனில் கல்லூரி திறந்துவிடும். நல்கைகள் மே முதல் ஜூலை வரை எட்டு வாரம் கேட்கின்றன. ஜூலையில் பாதி வகுப்பு போய்விடும், வருகைப்பதிவு குறையும். முன்கூட்டிக் கடிதம் வாங்கி, பயிற்சி நாட்களைப் பணிநாட்களாகக் கருதச் செய்யும் கல்லூரிகள் இருக்கின்றன. அதற்குச் சம்மதிக்காதவையும் இருக்கின்றன. பரிந்துரைக் கடிதமும் இதே போலத்தான். வகுப்பில் நூறு பேரைப் பார்க்கும் ஆசிரியர், மாணவரை அறிந்து எழுத அந்த மாணவர் முன்பே அவரிடம் சிறு வேலை ஏதாவது செய்திருக்க வேண்டும்.

போட்டியில் வெல்லும் நல்கைகளில் உதவித்தொகை உண்டு. மற்ற இடங்களில் பயிற்சி இலவசமாகவோ, மாணவரே கட்டணம் செலுத்தியோ நடக்கிறது. வேறு ஊரில் இரண்டு மாத விடுதி, சாப்பாடு, பயணம் என்று பார்த்தால், கோடையில் சம்பாதித்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மாணவருக்கு இது எட்டாத காரியம். வைரஸ் ஆய்வு என்ற பெயரில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்தில் நான்கு செய்முறைகளைக் காட்டிச் சான்றிதழ் அச்சிட்டுத் தரும் தனியார் நிலையங்களும் பெருகிவிட்டன. அங்கே கேள்வி என்று எதுவும் இருக்காது. அதுவே அவற்றை இனங்காண எளிய வழி. சீ-ஃபேஜஸ் போன்ற வகுப்பறை ஆய்வுகளின் சிறப்பும் இவ்விடத்தில்தான் தெரிகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேருக்கு அல்லாமல் வகுப்பில் இருக்கும் அனைவருக்கும் ஆய்வு கிடைக்கிறது. அந்த மாணவர்கள் இரண்டாமாண்டிலும் படிப்பைத் தொடர்வது மற்றவர்களைவிட அதிகம் என்று 2014-இல் எம்பயோ இதழில் வந்த கட்டுரை காட்டியது.

கோடை ஆய்வு மாணவரை ஆராய்ச்சிக்குத் திருப்புகிறதா என்பதை அமெரிக்காவில் பலமுறை அளந்திருக்கிறார்கள். கிரின்னல் கல்லூரியின் டேவிட் லோபாட்டோ 2004-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் முன்னோடி. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மேற்படிப்பு எண்ணத்தோடு வந்தவர்கள். கோடை அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியது. புதிதாக அந்த எண்ணம் முளைத்தவர்களும் குறைவு; வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் குறைவு. ஏற்கெனவே விரும்புகிறவர்களையே தேர்ந்தெடுக்கும் திட்டங்களில் இப்படி வருவது வியப்பல்ல. வேண்டாம் என்று இருபது வயதில் தெரிந்துகொள்வதும் ஐந்தாண்டு முனைவர் பட்டத்தின் நடுவில் தெரிந்துகொள்வதைவிட மலிவு.

எட்டு வாரத்தில் கட்டுரை வெளிவருவதில்லை. முடிவில் ஒரு சுவரொட்டி, பத்துப் பதினைந்து பக்க அறிக்கை, ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவர வேண்டிய குறிப்பேடு இவைதான் மிஞ்சும். மாணவர் பிரித்தெடுத்த ஃபேஜோ வைரஸோ மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் பெயரும் தேதியும் எழுதிய குப்பியில் இருக்கும். அடுத்து வரும் ஆய்வாளர் அதைத் தொடர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பின் கட்டுரை வந்தால், ஆசிரியர் பட்டியலின் நடுவில் அந்த மாணவரின் பெயர் இடம்பெறலாம். குறிப்பேடு தெளிவாக இருந்திருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். இன்னொரு வழி, இளநிலை இறுதிப் பருவத்தின் செயல்திட்டத்துக்கு அதே கூடத்துக்குத் திரும்பிச் செல்வது. எண்ணவும் நீர்க்கவும் ஏற்கெனவே கற்றுவிட்டதால், இம்முறை முதல் வாரத்திலேயே கேள்விக்குள் இறங்கிவிடலாம்.